எஞ்சினுக்கு முன் டயர்!

மழைக்காலத்தில் களிமண் சாலையில் சிக்கிக்கொண்ட பேருந்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் மிதிக்க மிதிக்க எஞ்சின் உறுமும், பின்சக்கரங்கள் விர்ரென்று சுழலும், சேறு வாரியடிக்கும். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். கடைசியில் யாராவது ஒருவர் சக்கரத்தின் அடியில் பழைய சாக்கையோ செங்கல் துண்டுகளையோ போடுவார். வண்டி மேலேறிவிடும். எஞ்சினின் ஆற்றல் சிறிதும் கூடவில்லை. தரையைப் பற்றும் பிடிப்புதான் கூடியது.

இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் நடக்கும் ஒரு பந்தயத்தைப் பாருங்கள். அதன் பெயர் டிராக் பந்தயம். நின்ற நிலையிலிருந்து இரண்டு கார்கள் ஒரே நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட வேண்டும். வளைவில்லை, திருப்பமில்லை. தெருக்களில் நடந்த ஆபத்தான போட்டிகளை ஒழுங்கான தடங்களுக்குக் கொண்டுவரவே 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் கலிபோர்னியாவில் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வார நாள்களில் வேலைக்குச் சென்று, விடுமுறை நாளில் சொந்தக் காரைத் தடத்துக்குக் கொண்டுவரும் அமெச்சூர் பந்தயக்காரர்களே அங்கு மிகுதி.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இவர்களில் பலர் முதலில் எஞ்சினை வலுவாக்கவே விரும்புகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. முதற்பணம் டயருக்கே போக வேண்டும். ஏன்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரு காரின் எடை 1,400 கிலோ என்க. புறப்படும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், அதில் 60 விழுக்காடு பின்சக்கரங்களின் மீது விழுகிறது எனக் கொள்வோம். அந்த அழுத்தும் விசை சுமார் 8,200 நியூட்டன். சாதாரண டயரின் உராய்வுக் குணகம் 0.9 என்றால், தரை தாங்கும் உந்துவிசை சுமார் 7,400 நியூட்டன்தான். எஞ்சினும் கியரும் சேர்ந்து 10,000 நியூட்டனைச் சக்கரத்தின் விளிம்புக்கு அனுப்பினால் என்ன ஆகும்? சக்கரம் வழுக்கும். மிஞ்சிய ஆற்றல் புகையாகவும் சூடாகவும் வீணாகும். எஞ்சினை இன்னும் பெரிதாக்கினால் புகைதான் பெருகும். குணகம் 1.4 உள்ள டயரைப் பூட்டினாலோ, தரை 11,000 நியூட்டனுக்கு மேல் தாங்கும். அதே எஞ்சினின் முழுவிசையும் பயன்படும்.

"உராய்வுக் குணகம் ஒன்றுக்கு மேல் போகுமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. குணகம் ஒன்றைத் தாண்டாது என்றால், காரின் முழு எடையும் உந்தும் சக்கரங்களின் மீதே விழுந்தாலும் முடுக்கம் 9.8 மீட்டர்/விநாடி²-ஐத் தாண்டாது. அப்படியானால் 402 மீட்டரைக் கடக்கக் குறைந்தது 9 விநாடி ஆகவேண்டும். ஆனால் 1964-இல் டான் கார்லிட்ஸ் என்ற வீரர் 7.78 விநாடியில் கடந்து காட்டினார். சராசரி முடுக்கம் 13 மீட்டர்/விநாடி²-க்கு மேல்! இதில் பெரும்பங்கு பின்டயர்களின் மென்மையான ரப்பருக்கு உண்டு.

உராய்வு விசை பரப்பளவைப் பொறுத்ததன்று என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 1699-இல் அமான்டன்ஸ் கூறிய இவ்விதி மரத்துக்கும் உலோகத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். ரப்பரின் கதை வேறு. அது தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி நுழைந்து ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் கூடக்கூட அதன் உராய்வுக் குணகம் குறைகிறது. ஆகவே எடையை அகன்ற பரப்பில் பரப்பித் தாங்கும் டயருக்குப் பிடிப்பு அதிகம். விதி பொய்யில்லை; அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துகொள்வதுதான் அறிவியல்.

இப்போது டயரைத் தேர்ந்தெடுப்போம். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் ஸ்லிக் டயரில் பட்டனே இருக்காது. முழுப்பரப்பும் தரையைத் தொடும். அதில் ஒருவகையின் பக்கச்சுவர் மென்மையானது. காற்றழுத்தமும் சாதாரண டயரில் உள்ளதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். புறப்படும் கணத்தில் அச்சுவர் சுருங்கி மடிந்து அதிர்ச்சியைத் தாங்கும். தரையைத் தொடும் பரப்பும் நீளும். கிளட்சைச் சட்டென்று விடும் வண்டிக்கு இது ஏற்றது. மற்றொரு வகை ரேடியல். அதன் பக்கச்சுவர் விறைப்பானது. ஓட்டத்தில் நிலையாக இருக்கும். ஆனால் நன்கு பதப்படுத்திய தடமும் நிதானமான புறப்பாடும் அதற்கு வேண்டும்.

இரண்டில் எது சிறந்தது? எது அதிக வேகம் தரும் என்பதைவிட, எது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டும் என்பேன். அமெச்சூர்கள் பெரிதும் விரும்பும் பிராக்கெட் பந்தயத்தில், தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்பதை ஓட்டுநர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மெதுவான கார் முன்னதாகப் புறப்படும். அறிவித்ததைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான்! ஆகவே முதல் 60 அடியைக் கடக்கும் நேரத்தை ஒவ்வோர் ஓட்டத்திலும் குறித்துவைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பவனே நல்ல டயரைக் கண்டுபிடிப்பான். விளம்பரத்தைப் பார்த்து வாங்குபவனல்லன்.

ஓர் எச்சரிக்கை. "பட்டன் இல்லாத டயருக்குத்தான் பிடிப்பு அதிகமாமே!" என்று தேய்ந்த டயருடன் யாரும் சாலையில் இறங்க வேண்டாம். பட்டன் இருப்பது தண்ணீரை வெளியேற்ற. அது இல்லாவிட்டால் ஈரச்சாலையில் டயர் நீரின் மேல் மிதந்து வழுக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா. தேய்ந்து இறுகிய பழைய ரப்பர் ஸ்லிக் டயரும் ஆகாது. தடத்தின் டயர் தடத்துக்கு. சாலையின் டயர் சாலைக்கு.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பலகையின் மீது ஓர் அழிரப்பரை வைத்து மெல்லச் சாயுங்கள். அது வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். கோணம் 45 பாகையைத் தாண்டினால் குணகம் ஒன்றைத் தாண்டிவிட்டது என்று பொருள். அடுத்துப் பலகையை நனைத்துச் செய்யுங்கள். மாவைத் தூவியும் செய்யுங்கள். மூன்று கோணங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சக்தியா, பிடிப்பா என்ற கேள்விக்கு அந்தப் பலகையே விடை சொல்லும்.