ஓஸ்லோவிலும் ஏறக்குறைய இதே மழைதான்

நார்வே பத்தின வீடியோ எதைத் திறந்தாலும் பனிமலை, கடல், மரவீடு, கடைசியில சம்பளம். பார்த்து முடிச்சதும், 'நாம ஏன் அருப்புக்கோட்டையில பொறந்தோம்'னு ஒரு பெருமூச்சு வரும். சம்பளத்தை விடுங்க. முதல்ல மண்ணைப் பார்ப்போம்.

நார்வேயில பயிர் வைக்க முடியுற நிலம் சுமார் 3 சதவீதம்தான். மிச்சம் பாறை, மலை, காடு. 19-ஆம் நூற்றாண்டில பிழைப்பு தேடி லட்சக்கணக்கான பேர் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாங்க. இன்னொரு விஷயம். நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. ஓஸ்லோவிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கே வருஷம் முழுக்கப் பிரிச்சுப் பெய்யுது. இங்கே பாதிக்கும் மேல ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரத்துல கொட்டிட்டுப் போயிடும். குண்டாத்துல தண்ணி ஓடுறதைப் பார்க்க வருஷம் பூரா காத்திருக்கணும்.

அதனாலதான் நம்ம ஆளுங்க கண்மாய் வெட்டினாங்க. வந்த தண்ணியைப் பிடிச்சு, மடையை முறை வச்சுத் திறந்தாங்க. கண்மாய் ஊருக்குப் பொது. இப்போ பல கண்மாய்ல சீமைக்கருவேலம் நிக்குது, காசு இருக்கிறவங்க தனியா போர் போட்டுக்கிறாங்க. அதுலயும் நிறைய இடத்துல உப்புத் தண்ணி.

நார்வேக்கு 1969-ல கடலுக்கடியில எண்ணெய் கிடைச்சது. அதுவும் ஒரு ஐப்பசி மழைதான், ஒருநாள் நிக்கும். அதை ஒரு நிதியாக்கி 1996-ல முதல் பணம் போட்டாங்க. நிதியை முழுக்க வெளிநாட்டுலதான் முதலீடு பண்றாங்க. வருஷத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் மட்டும் பட்ஜெட்டுக்கு எடுக்கலாம்னு வழிமுறை. மடைக்காரர் வேலைதான், வேற ஒண்ணுமில்ல.

ஆனா எண்ணெயால மட்டும் அந்த வாழ்க்கைத்தரம் வரலை. எண்ணெய் இல்லாத ஸ்வீடன்லயும் அதே மாதிரிதான் வாழுறாங்க. காரணம் வரி. நார்வேயில கடையில பெரும்பாலான பொருளுக்கு 25 சதவீதம், சாப்பாட்டுப் பொருளுக்கு 15 சதவீதம், சம்பளத்துல தனியா. அதுக்குப் பதிலா, உடம்பு சரியில்லைன்னா ஒரு உச்சவரம்பு வரை முழுச் சம்பளத்தோட ஒரு வருஷம் வரைக்கும் லீவு. டாக்டர் ஃபீஸுக்கு வருஷ உச்சவரம்பு. அப்பா அம்மாவுக்கு அரசு பென்ஷன். அங்கே ஒருத்தன் சம்பளத்துல பாதி செலவழிச்சாலும் அவனோட அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

இப்போ உங்க கதைக்கு வருவோம். அப்பா தறி ஓட்டினார், இல்ல மில்லுல நின்னார், இல்ல கரிசல்ல உளுந்தும் மல்லியும் போட்டார். பி.எஃப். கிடையாது, இருந்தாலும் சொற்பம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட்ல 1,000-லிருந்து 1,200 ஆச்சு. அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. நார்வேயில அரசு செய்யுற வேலையை இங்கே 26 வயசுல நீங்க ஒருத்தர் செய்றீங்க.

நார்வேக்காரன் கணக்குலயே போட்டுப் பாருங்க. 3 சதவீதம் எடுத்து மாசம் 1,200 வரணும்னா 4,80,000 ரூபா முதல் வேணும். வீட்டுக்கு மாசம் 10,000 அனுப்புறீங்களா? அது 40 லட்சம் ரூபா நிதி செய்யுற வேலை.

அதனால என் கருத்து இதுதான்: வீட்டுக்கு அனுப்புறதை 'செலவு'ல எழுதாதீங்க, 'வரி'ல எழுதுங்க. கைக்கு 45,000 வந்து 10,000 ஊருக்குப் போனா உங்க சம்பளம் 35,000. 50-30-20 எல்லாம் அதுக்கு மேலதான். பக்கத்து சீட்டுல இருக்கிறவர் அப்பா அரசு பென்ஷன் வாங்குறார்னா, அவர் எஸ்.ஐ.பி. தொகையோட உங்களுடையதை ஒப்பிட்டு மனசு கஷ்டப்படாதீங்க. அவருக்கு அந்த வரி இல்லை, அவ்வளவுதான்.

வரின்னு எழுதினா வரிசையும் மாறும். எஸ்.ஐ.பி.க்கு முன்னாடி அப்பா அம்மா பேர்ல மெடிக்கல் பாலிசி. சர்க்கரை, பி.பி. ஏற்கெனவே இருந்தா காத்திருப்புக் காலம் மூணு வருஷம் வரை போகலாம், அதனால இப்பவே. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 80டி கழிவு பழைய வரிமுறைல மட்டும்தான், அதுக்காகப் பழைய முறைக்குத் தாவாதீங்க, ரெண்டையும் போட்டுப் பாருங்க. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு வீட்ல கேளுங்க. அதுல 5 லட்சம் வரை இருக்கு. அப்புறம் உங்களுக்கு டேர்ம் பாலிசி, ஆறு மாசச் செலவு கையில. எஸ்.ஐ.பி. அதுக்குப் பிறகு, சின்னதா ஆரம்பிச்சாலும் போதும்.

சரி, நார்வேக்கே போயிடலாம்னா? தாராளமா போங்க. படிக்கப் போறதுன்னா, 2023-லிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்கு அரசு யுனிவர்சிட்டியிலும் ஃபீஸ் உண்டு. வேலைக்குப் போனா, நீங்க கட்டுற வரி அந்த ஊர் அம்மாக்களுக்குப் போகும். திருச்சுழியில இருக்கிற அம்மாவோட பாலிசி ரினியூவல் தேதியை அங்கிருந்தும் நீங்கதான் பார்க்கணும்.