ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிய உரிமை

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மே மாதம் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்து வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் கனகமூலம் சந்தையிலும் குசலம் விசாரிப்பதே, "பிள்ளைய எங்க சேத்திருக்கிய?" என்றுதான். வசதி உள்ளவர் நாலு பள்ளிகளின் பெயரைச் சொல்லி, எது நல்லது என்று நம்மிடமே கேட்பார். கோயில் நகைக்கு அரக்கில் சிவப்புக் கல் பதிக்கும் தொழிலாளியோ, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டதோடு பேச்சை மாற்றிவிடுவார்.

சட்டம் இவரை மறக்கவில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தந்துவிடும். ஆனால் 2014 மே 6 அன்று, பிரமதி வழக்கில், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். அதே நாளில்தான், கர்நாடக வழக்கொன்றில், பிள்ளை எந்த மொழிவழியில் படிப்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம் என்றும் தீர்ப்பு வந்தது. முடிவு செய்ய உரிமை உண்டு; போய்ச் சேரப் பள்ளி வேண்டாமா?

குமரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் கூடுதல். 1809-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளி தொடங்கிய காலம் தொட்டு, மிஷன் பள்ளிகளால் எழுத்தறிந்த மண் இது. இன்றும் இங்கே பெயர்பெற்ற பள்ளிகள் பல சிறுபான்மை நிர்வாகத்தில் உள்ளவை. அது சிறுபான்மையினருக்கு அரசியல் சாசனம் தந்த உரிமை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் 25 சதவீதப் பட்டியலில் அவை வராது. போதாக்குறைக்கு, இடம் கேட்கும் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற தூரக் கணக்கு வேறு. அந்த வட்டத்தில் அரசு, உதவிபெறும், சிறுபான்மைப் பள்ளிகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது எத்தனை?

பிரமதி தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்ற அமர்வொன்று பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. அதன் முடிவுக்குக் காத்திருந்தால், இன்று எல்கேஜி சேர வேண்டிய பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடும். உங்கள் கையிலேயே இருக்கிற மூன்றைக் கேட்கிறோம்.

ஒன்று, இடங்கள் குறைவான பகுதிகளில் அந்த ஒரு கிலோமீட்டரைத் தளர்த்துங்கள்.

இரண்டு, எந்தப் பள்ளியில் எத்தனை இடம், கட்டணக் குழு நிர்ணயித்த ஃபீஸ் எவ்வளவு என்ற பட்டியலை மார்ச் மாதமே ரேஷன் கடையில் ஒட்டுங்கள். இணையதளத்தில் போட்டால் எல்லார் கண்ணிலும் பட்டுவிடாது.

மூன்று, 2025-இல் மத்திய அரசின் நிதி வராததால் சேர்க்கை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் கடன் வாங்கிக் கட்டியவர் கட்டிவிட்டார், முடியாதவர் ஒதுங்கிவிட்டார். டெல்லியோடு உள்ள கணக்கை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். மாநில அரசு முன்பணம் போட்டு, ஏப்ரலிலேயே சேர்க்கையைத் தொடங்கட்டும்.

கூடவே இன்னொன்று: அரசுப் பள்ளியில் சேர்ப்பவரும் விரும்பிச் சேர்க்க வேண்டும், வேறு போக்கில்லாமல் அல்ல. அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் என்கிறது சட்டம். தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு அவர்களை அனுப்பிவிடாமல், வாத்தியார் பணியிடம் காலியாகக் கிடப்பதைக் கேட்டால் பதில் சொல்லும்படி உங்கள் அதிகாரிகளுக்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
வடசேரிவாசி ஒருவர்