நோயிலிருந்து மீண்டவர் என்று ஒருவர்கூட இல்லை: டிமென்ஷியா தொண்டு நிறுவனங்கள் ஏன் திணறுகின்றன?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். நாடு முழுவதும் முதியவர்களைப் பரிசோதித்து நடத்தப்பட்ட 'லாசி-டாட்' ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்கு இது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம் என்கிறது அந்த ஆய்வு.

இவர்களில் பெரும்பாலானவர்களை மனைவியோ மகளோ மருமகளோ வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வெளியே உதவி தேடினால், பல ஊர்களில் கண்ணில் படுவது ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் மட்டும்தான். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்! இப்படிப்பட்ட அமைப்புகள் ஏன் இவ்வளவு குறைவு? இருப்பவையும் ஏன் மாதா மாதம் மூச்சு வாங்குகின்றன? 'யாரும் பணம் கொடுப்பதில்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், பணம் வரத்தான் செய்கிறது. அது வருகிற விதத்தில்தான் சிக்கல்.

வெறும் மறதி இல்லையா?

இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு, சாவி எதற்கு என்பதே மறந்துபோவது வேறு. நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன், கடைசியில் விழுங்கும் திறன் வரை படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். டிமென்ஷியாவுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முதலிடம் அல்சைமருக்கு. 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குணப்படுத்தும் மருந்து கிடையாது. நோய் தெரியவந்த பிறகு பல ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறார்கள். இந்தக் கடைசித் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பணக் கணக்கு வரும்போது தேவைப்படும்.

பேச ஆளில்லை

புற்றுநோய்க்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில், நோயை வென்று வந்தவர் மேடையேறிப் பேசுவார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். டிமென்ஷியாவில் அப்படி மேடையேற ஒருவரும் இல்லை. நோய் முற்றியவரால் தனக்காகப் பேச முடியாது. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கோ குளிக்கக்கூட நேரம் கிடைக்காது. எல்லாம் முடிந்த பிறகு, அந்த நாட்களை மறுபடி நினைக்கவே பலருக்கு மனம் வராது. ஆகவே ஒவ்வொரு தலைமுறைக் குடும்பமும் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறது, கற்றதை யாருக்கும் சொல்லாமல் கலைந்துவிடுகிறது.

அந்தப் பாடத்தைச் சேர்த்து வைக்கும் இடமாகத்தான் தொண்டு அமைப்புகள் வந்தன. டாக்டர் கே.ஜேக்கப் ராய் 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ அமைப்புக்கு இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்', டிமென்ஷியாவுக்கென 'டெம்கேர்ஸ்' என்ற தனிப் பிரிவை நடத்துகிறது. '10/66' என்ற சர்வதேச ஆய்வுக் குழு உருவானதும் 1998-ல் கொச்சியில்தான். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 10 சதவீதம்கூட இல்லை.

ஒரு நைட் டூட்டியின் விலை

இல்லம், பகல்நேர மையம், நினைவுத்திறன் கிளினிக், வீட்டுக்கே வரும் உதவி, குடும்பத்தினருக்கான கூட்டங்கள் என இந்த அமைப்புகள் செய்யும் வேலைகள் பலவகை. இவற்றில் அதிகம் செலவு பிடிப்பது தங்கிப் பார்த்துக்கொள்ளும் இல்லம்.

ஒரு உதாரணத்துக்கு 20 பேர் தங்கும் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு ஒரு அட்டெண்டர். காலை ஷிஃப்ட்டில் 4 பேர், மாலை ஷிஃப்ட்டில் 4 பேர், இரவில் 2 பேர். வாரத்துக்கு மொத்தம் 70 டூட்டி. வீக் ஆஃப் போக ஒருவர் 6 டூட்டி பார்ப்பார் என்றால் 12 பேர் தேவை. லீவு, உடம்பு சரியில்லாத நாள் என்று பார்த்தால் 14 பேர். தலைக்கு 18,000 ரூபாய் சம்பளம் போட்டால் மாதம் 2,52,000 ரூபாய், அதாவது தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் 12,600 ரூபாய். வாடகை, சாப்பாடு, நர்ஸ், மருந்து, டயாப்பர் எதுவும் இதில் சேரவில்லை.

சம்பளத்தைக் குறைத்தால்? ஆட்கள் போய்விடுவார்கள். வேறு எந்த வேலையிலும் ஆள் மாறினால் புது ஆளுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். இங்கே அப்படி இல்லை. பொழுது சாயும் நேரத்தில் 'எங்க வீட்டுக்குப் போகணும்' என்று பதறும் ஒரு பாட்டியை, எந்த வார்த்தை சொன்னால் உட்கார வைக்கலாம் என்பது அவரோடு ஆறு மாதம் இருந்தவருக்குத்தான் தெரியும். அந்த அட்டெண்டர் வேலையை விட்டுப் போகும்போது அந்த ரகசியமும் கூடவே போய்விடுகிறது. பாட்டியாலும் அதைச் சொல்ல முடியாது.

ஒரு வேளைச் சாப்பாடு ஸ்பான்சர் பண்ணலாமா?

நம்ம ஊரில் முதியோர் இல்லங்களுக்கு வரும் போன்களில் இந்தக் கேள்வி தவறாமல் இருக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி. சாப்பாடு போடுவது இங்கே வேரோடிய புண்ணியம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிமென்ஷியா இல்லத்தில் பாதிப் பேருக்குக் குழைத்த சோறுதான் இறங்கும். சிலருக்குத் தண்ணீரே புரையேறும். பிரியாணிப் பொட்டலத்தை ஊழியர்கள்தான் சாப்பிடுவார்கள். இருபது பேர் கூட்டமாக வந்து கேக் வெட்டிப் பாட்டுப் பாடிவிட்டுப் போனால், அந்தச் சத்தத்தில் மிரண்டவர்களை ராத்திரி முழுக்கச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

வருடத்தில் முந்நூறு மதியச் சாப்பாட்டுக்கு ஸ்பான்சர் கிடைக்கலாம். ஒரு நைட் டூட்டிக்கு ஸ்பான்சர் கேட்டுப் பாருங்கள், கிடைக்கமாட்டார்கள். 'சம்பளத்துக்கா? எங்க காசு நேரா பெரியவங்களுக்குப் போகணும்' என்பார்கள். டிமென்ஷியாவில் பெரியவர்களுக்கு நேராகப் போவது அந்தச் சம்பளம்தான் என்பதை நன்கொடையாளருக்குப் புரியவைப்பது பெரும்பாடு.

கம்பெனிப் பணம், அரசுப் பணம்

நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடுவது போன்ற வரம்புகளுக்குள் வரும் கம்பெனிகள், மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதுதான் சிஎஸ்ஆர். முதியோர் இல்லமும் பகல்நேர மையமும் அந்தப் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கின்றன. அப்புறம் என்ன தடை?

காலம்தான் தடை. சிஎஸ்ஆர் விதிப்படி ஒரு தொடர் திட்டத்தின் ஆயுள், தொடங்கும் நிதியாண்டு நீங்கலாக, அதிகபட்சம் 3 ஆண்டுகள். இல்லத்தில் சேர்ந்தவரோ எட்டு ஆண்டுகள் இருக்கலாம். நாலாவது வருடம் அவரை என்ன செய்வது? ஒரு டியூஷன் சென்டரை மூடினால் பிள்ளைகள் வேறு சென்டருக்குப் போவார்கள். இடம் மாறினாலே நிலை மோசமாகிவிடக்கூடியவர்களை வைத்துக்கொண்டு கதவை மூட முடியாது. வேன், கட்டடம், கட்டில் வாங்கித் தர கம்பெனிகள் ஓரளவு முன்வருகின்றன, அதில் பெயர் எழுதலாம். வேனுக்கு டிரைவர் சம்பளமும் டீசலும் யார் தருவது என்பது அப்புறம் வரும் கேள்வி. பகல்நேர மையங்களைக் கவிழ்ப்பதும் பல சமயம் இந்த வேன் செலவுதான். அழைத்து வர ஆள் இல்லாவிட்டால் அந்த மையம் இருந்தும் பயனில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்டால், அவர்கள் தரும் நன்கொடை எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வரும். அதற்குப் பதிவு பெற பொதுவாக 3 ஆண்டுகள் செயல்பட்டிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவிட்டிருக்க வேண்டும். சின்ன அமைப்புகள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

மாதச் சம்பளக்காரர்களிடம் வாங்கலாம் என்றால், 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை புதிய வருமான வரி முறையில் கிடையாது. 2023-24 முதல் அந்தப் புதிய முறைதான் எல்லோருக்கும் இயல்பு நிலை. 'ரசீது குடுங்க, டேக்ஸ்ல கழிச்சுக்கறேன்' என்று மார்ச் மாதம் வந்த பணம் இனி எவ்வளவு நாள் வரும் என்ற கவலை நியாயமானதே.

அரசு? மத்திய அரசின் 'அடல் வயோ அப்யுதய்' திட்டத்தில் டிமென்ஷியா இல்லங்களுக்கென்று மானியம் உண்டு. கேரளம் 2014-லேயே 'ஸ்மிருதிபதம்' என்ற பெயரில், ஏஆர்டிஎஸ்ஐ-யோடு கைகோத்து அரசுத் திட்டமாகவே மையங்களைத் தொடங்கியது. நடத்துவது தொண்டு அமைப்பு, பொறுப்பேற்பது அரசு என்ற அந்த ஏற்பாடு தமிழ்நாட்டுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. நன்கொடையை மட்டும் நம்பி எட்டு ஆண்டு வாக்குறுதி கொடுப்பது யாராலும் முடியாத காரியம்.

அந்த வீடியோ எடுக்கலாமா?

பணம் திரட்ட இப்போது கைவசம் இருக்கும் எளிய வழி ரீல்ஸ். மகனை அடையாளம் தெரியாத அம்மா, பின்னணியில் சோகமான பிஜிஎம், கீழே க்யூஆர் கோடு. லட்சக்கணக்கில் வியூஸ் போகும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றல் பாதிப்பையும் சேர்த்திருக்கிறது. மனநல மையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 24-வது பிரிவு. 'சரி' என்று தலையாட்டியதே அடுத்த நிமிடம் மறந்துபோகும் ஒருவரிடம் சம்மதம் வாங்கினோம் என்று எப்படிச் சொல்வது? ஆசிரியையாக, வங்கி அதிகாரியாக நாற்பது வருடம் கம்பீரமாக வாழ்ந்தவரின் கடைசி அடையாளம் அந்த 30 விநாடி வீடியோவாகிவிடுகிறது. முகம் காட்டாமல் நிதி திரட்டும் அமைப்புகளுக்குப் பணம் குறைவாகவே வரும். அவற்றின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கையெழுத்துச் சிக்கல்

குடும்பங்கள் இந்த அமைப்புகளிடம் கொண்டுவரும் இன்னொரு தலைவலி இது: அப்பாவின் வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. 'பவர் எழுதி வாங்கியிருக்கோமே' என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201-ன்படி, எழுதிக் கொடுத்தவர் மனநிலைத் திறனை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகும். தேவைப்படும் நேரத்தில் செல்லாமல் போகும் காகிதம் அது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற நிலைகளில் காப்பாளரை நியமிக்க 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இல்லை. பலர் நீதிமன்றப் படியேறித்தான் தீர்வு தேடுகிறார்கள். நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே ஜாயின்ட் அக்கவுன்ட், நாமினி, உயில் ஆகியவற்றை முடித்துவிடுங்கள் என்று நல்ல அமைப்புகள் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தங்கியிருக்கும் பெரியவரே 'என் வீட்டை உங்க டிரஸ்டுக்கு எழுதித் தர்றேன்' என்றால்? நிதி நெருக்கடியில் இருக்கும் நிர்வாகிக்கு அது பெரிய சபலம். அதை ஏற்பதில்லை என்று எழுத்தில் விதி வைத்திருக்கும் அமைப்பில் தைரியமாக உங்கள் வீட்டுப் பெரியவரைச் சேர்க்கலாம்.

குறைந்த செலவில் ஏதாவது முடியுமா?

முடியும் என்பதற்குக் கோவாவில் நடந்த ஓர் ஆய்வு ஆதாரம். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், டிமென்ஷியா உள்ள 81 குடும்பங்கள் பங்கேற்றன. உள்ளூர் மொழி தெரிந்த, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்கே போனார்கள். நோய் என்னவென்று விளக்கினார்கள், கோபத்தையும் அலைச்சலையும் எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில், பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. கட்டடமும் கட்டிலும் தேவைப்படவில்லை. எல்லா ஊரிலும் இல்லம் கட்ட முடியாது, ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இப்படி நாலு பேரைப் பயிற்றுவிக்க முடியும். இன்று புதிதாக ஒரு அமைப்பு தொடங்குபவர் இங்கிருந்து ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

நன்கொடை தர நினைப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்: அட்டெண்டர்கள் சராசரியாக எத்தனை மாதம் வேலையில் நீடிக்கிறார்கள்? நாளையே வரவு நின்றால் எத்தனை மாதச் சம்பளம் கையிருப்பில் இருக்கிறது? இரவில் எத்தனை பேர் டூட்டியில் இருக்கிறார்கள்? மாதம் 500 ரூபாய் என்றாலும் ஆட்டோ டெபிட்டில் போட்டுவிட்டால், நிர்வாகிக்கு அது வருடத்தில் ஒருநாள் வரும் 6,000 ரூபாயைவிடப் பெரிது. நேரம் தர விரும்புபவர்கள் வாரம் ஒருமுறை ஒரே நபரோடு, ஒரே நேரத்தில் போய் உட்காருங்கள். அல்லது அலுவலகத்தில் ஜிஎஸ்டி, எக்செல் பார்ப்பவர் என்றால், அவர்களுடைய கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். வருமான வரித் துறைக்கு நன்கொடை விவரங்களைத் தாக்கல் செய்யும் படிவத்தில் திணறும் சின்ன டிரஸ்டுகளுக்கு அது பெரிய உதவி.

உங்கள் வீட்டிலேயே யாருக்காவது உதவி தேவைப்பட்டால், முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவருக்கே மனம் தளர்ந்து போயிருந்தால் 'டெலி மானஸ்' 14416, தமிழிலேயே பேசலாம்.