பச்சைக் கோளும் நுங்கம்பாக்கத்துத் தூணும்

இலக்கியம் பேசக் கூடிய இடத்தில் கணினி விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்குள் சில நாட்களாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. வெட்டி வேலை என்று மூத்த நண்பர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கண்டுபிடிப்பு என்று இளையவர்கள் கொடி பிடித்தார்கள். இரு தரப்பும் பாதிதான் சரி என்பது எஞ்சியிருக்கும் எங்கள் எண்ணம்.

வழக்குக்குக் காரணமானவர் சிறுசேரி சிப்காட் பூங்காவில் இரவுப்பணி பார்க்கும் நண்பர். பழைய மாமல்லபுரம் சாலையின் விளக்கு வெளிச்சத்தில் அங்கே வானம் எப்போதும் சாம்பல் நிறமாகவே இருக்கும். வியாழனும் சனியும் தெரியும். அவை எந்த வெளிச்சத்தையும் வென்றுவிடும். மற்றவற்றைத் தேடிக் காண வேண்டும். நம் நண்பர் தேடுவதை விட்டுவிட்டு, விடுமுறை நாட்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு 'எலைட் டேஞ்சரஸ்' என்னும் விளையாட்டில் பால்வீதியைச் சுற்றிவருகிறார். பல வாரப் பயணத்துக்குப் பிறகு, அங்கே பச்சையாக ஒளிரும் வாயுக்கோள் ஒன்றை அண்மையில் கண்டார். அதை அவருக்கு முன் எவரும் கண்டதில்லை. கோளின் விவரப் பக்கத்தில் முதலில் கண்டவர் என்று அவருடைய புனைபெயர் ஏறியிருக்கிறது. எங்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். 1984ஆம் ஆண்டு டேவிட் பிராபென், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் 'எலைட்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அன்றைய வீட்டுக் கணினியின் நினைவகத்தில் இன்றைய ஒரு சிறு புகைப்படம்கூட அடங்காது. அதற்குள் எட்டு விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 உலகங்களையும் அவர்கள் வைத்தார்கள். எப்படி? எதையும் எழுதிவைக்கவில்லை. ஒரு வித்தெண்ணும் சில கணக்கு விதிகளும் மட்டுமே வைத்தார்கள்; கேட்கும்போது உலகம் முளைத்தது. அதன் வழித்தோன்றல்தான் 2014 டிசம்பரில் வெளிவந்த எலைட் டேஞ்சரஸ். இதில் ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் அமைப்புகள் உள்ளன. சூரியனை அடுத்துள்ள பல விண்மீன்கள் மெய்யான அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. மற்றவை கணக்கில் விளைந்தவை. இத்தனை ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சென்று பார்த்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

வாயுக்கோள்களை வகைப்படுத்துவதில் விளையாட்டு ஒரு மெய்யான ஆய்வைப் பின்பற்றுகிறது. 2000ஆம் ஆண்டில் டேவிட் சுதார்ஸ்கியும் உடன் ஆய்ந்தோரும் வெப்பநிலைக்கும் மேகங்களுக்கும் ஏற்ப ஐந்து வகைகளைக் கூறினார்கள். அம்மோனியா மேகம் கொண்ட குளிர்ந்த கோள் முதல் வகை. நம் வியாழன் அதில் சேரும். சிலிக்கேட் மேகங்கள் மிதக்கும் கொதிநிலைக் கோள் ஐந்தாம் வகை. இவை விளையாட்டில் வழியெங்கும் கிடக்கும். ஹீலியம் கோள்கள் அருமை. பச்சையாக ஒளிர்பவையும் அப்படித்தான்.

மூத்தவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறோம். இது சோம்பேறியின் பொழுதுபோக்கு ஆகாது. பால்வீதியின் மையம் சூரியனிலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவு. கப்பலோ ஒரு தாவலில் சில பத்து ஒளியாண்டுகளே கடக்கும். ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் அங்குள்ள கோள்களைப் பதிவு செய்ய வேண்டும். முக்கியமானது இதுதான்: பதிவுகளைச் சுமந்து திரும்பிவந்து ஒரு நிலையத்தில் ஒப்படைத்தால்தான் பெயர் ஏறும். வழியில் கப்பல் சிதைந்தால் கண்டதெல்லாம் போயிற்று. கரையேறும் வரை கையில் இருப்பது நமதில்லை என்பதைக் கடலோடியிடம் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மென்பொருள் எழுதுவோருக்கு அதை ஒரு விளையாட்டு சொல்லித்தருகிறதென்றால் நல்லதுதானே.

இனி இளையவர்களிடம். அந்தக் கோள் அங்கே இருந்தது என்பதில் யாருக்காவது ஐயம் இருந்ததா? இல்லை. விளையாட்டு பொய் சொல்லாது. நண்பர் போனார், கருவி 'வாயுக்கோள், இன்ன வகை, இவ்வளவு எடை' என்று எழுதிக் காட்டிவிட்டது. யாரும் மறுக்கவில்லை; மறுக்கவும் இயலாது. வித்தெண்ணுக்குள் உறங்கிய பக்கத்தை முதலில் புரட்டிய வாசகர் அவர். மாமல்லபுரத்துப் பாறையில் தம் பெயரைக் கீறிவிட்டு வருகிறவர்களோடு அவரைச் சேர்ப்பது கொடுமை என்பதையும் அறிவோம். ஆனால் பெயர் ஏறியதாலேயே கண்டுபிடிப்பு ஆகிவிடாது. ஏன் என்பதற்குச் சிறுசேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் போனால் சான்று இருக்கிறது.

நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில், 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. கருவியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். 1848இலிருந்து பத்தாண்டுக் காலம் அவ்வாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். '70 ஒபியூக்கி' என்னும் இரட்டை விண்மீனை அவர் அளந்தார். சூரியனிலிருந்து 17 ஒளியாண்டுக்குள் இருப்பது; இரு மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். அளவுகள் கணக்கோடு ஒட்டவில்லை. சிறு பிசகு, ஆனால் தொடர்ந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத கோள் போன்ற ஒன்று இழுப்பதாகக் கொண்டால் பிசகு தீர்கிறது என்று 1855இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவைகளை முன்வைத்துச் சொன்ன மிகப் பழைய கூற்றுகளில் அது ஒன்று. சொல்லப்பட்ட இடம் நம் நுங்கம்பாக்கம். விண்மீனை அப்படி அசைக்கும் கோள் எளியதாக இருக்க முடியாது. வியாழனின் குலத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

அக்கோள் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் டி. ஜே. ஜே. சீ அதே விண்மீனுக்கு மறைந்த துணை உண்டு என்று மீண்டும் வாதிட்டார். 1899இல் எஃப். ஆர். மோல்டன், அத்தகைய அமைப்பு நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். பின்வந்த நுட்பமான அளவீடுகளிலும் கோள் எதுவும் அகப்படவில்லை. விண்மீனைச் சுற்றும் வாயுக்கோள் ஐயமற நிலைநாட்டப்பட்டது 1995இல்தான். சூரியனை ஒத்த 51 பெகாசி என்னும் விண்மீனில் மேயரும் கெலோவும் கண்டது. ஜேக்கப் தோற்றாரா? தம் பெயரைப் போட்டு, அளவைகளை எல்லோர் முன்னும் வைத்து, பிறர் மறுப்பதற்கு இடம் கொடுத்தார். எங்கள் நண்பரின் பச்சைக் கோளுக்கு இந்த இடர் கிடையாது.

நம் மண்ணில் இன்னொரு முறையும் இது நடந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. (யுரேனசை இன்று பனிப் பெருங்கோள் என்று தனியே பிரிக்கிறார்கள், வாயுக்கோள்களின் பங்காளிதான்.) ஜவ்வாது மலையில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீன் சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலின் மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவினரோ, கோளின் இருபுறமும் ஒத்த தொலைவில் மங்கல்களைக் கண்டார்கள். அவை வளையங்கள். காவலூர் கண்டதும் வளையத்தைத்தான். அவ்வாண்டிலேயே பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் பதிவை மறுபடி ஆராய்ந்து, யுரேனசின் வளையங்களைப் பற்றி அதே இதழில் எழுதினார்கள். ஒளி மங்கியதைக் கண்டது ஓர் இரவு. கண்டது இன்னது என்று அறிந்துகொள்ளச் சில மாதங்கள். அந்த மாதங்களைத்தான் விளையாட்டு நீக்கிவிடுகிறது.

அப்படியானால் பச்சைக் கோளில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது; நண்பர் பெருமை கொள்ளும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பச்சை ஒளியை எவரும் திட்டமிட்டு வைத்ததாகத் தெரியவில்லை என்பதே ஆட்டக்காரர்களிடையே நிலவும் கருத்து. விதிகள் ஒன்றோடொன்று எதிர்பாராத வகையில் முட்டிக்கொண்ட இடத்தில் அந்நிறம் பிறந்திருக்க வேண்டும். உருவாக்கியவர்களே அறியாத ஒன்றை ஆட்டக்காரர்கள் கண்டு, பட்டியலிட்டு, எந்த வகையில் எத்தனை என்று எண்ணினார்கள். 2018 இறுதியில் விளையாட்டில் சேர்ந்த கலைக்களஞ்சியம் அவற்றுக்குத் தனி இடம் தந்தது. இங்கே ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்திருப்பதை ஒப்புகிறோம். பால்வீதியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் எழுதப்பட்ட கணக்கின் மூலைமுடுக்கைப் பற்றிச் சொல்கிறது. சிறுசேரியில் பிறர் எழுதிய நிரலில் பிழை தேடிப் பிழைப்பு நடத்தும் ஒருவருக்கு இது புரியாதா என்ன! மேலாளர் மட்டும் அதற்கு இனிப்பு எதிர்பார்க்க மாட்டார்.

இன்று தெரிந்த புறக்கோள்கள் 6000க்கும் மேல். அவற்றில் ஒன்றை அந்த நண்பருக்குப் பரிந்துரைக்கிறோம். பெயர் டிஓஐ-4603பி. டெஸ் விண்கலம் ஒரு விண்மீனின் ஒளி முறையாக மங்குவதைக் குறித்தது; மங்க வைத்தது கோளா வேறொன்றா என்பது அதில் தெரியாது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் அபு மலையில் உள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ் நிறமாலைமானியைப் பூட்டி, விண்மீனின் அசைவை அளந்து 2023இல் எடை சொன்னார்கள். வியாழனைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு எடை, பருமனோ வியாழனின் அளவுதான். தன் விண்மீனை ஏழேகால் நாளில் சுற்றுகிறது. இதைவிட அருமையான வாயுக்கோளை எந்த விளையாட்டிலும் தேடிப் பிடிப்பது கடினம். 13 மடங்கு என்பது கோளுக்கும் பழுப்புக் குறுமீனுக்கும் வழக்கமாக வகுக்கும் எல்லை. சரியாக அந்தக் கோட்டின் மேல் அது நிற்கிறது. எலைட் டேஞ்சரஸாக இருந்தால் விவரப் பக்கம் ஏதேனும் ஒரு வகையை எழுதி முடித்திருக்கும். அபு மலைக்காரர்கள் எடையோடு பிழை எல்லையையும் சேர்த்தே எழுதினார்கள்.