மருந்தோட சோறும் வரணும்

போன மழைக்காலத்தில் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் நாலைந்து பேர் லயம் லயமாகப் போனோம். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாமா என்று கேட்கத்தான் போனது. ஆனால் போன வீட்டில் எல்லாம் பேச்சு இருமலில்தான் போய் நின்றது. பனி, ஈரச் சுவர், காம்பராவுக்குள்ளேயே விறகடுப்புப் புகை. இருமாமல் என்ன செய்வார்கள்?

ஒரு வீட்டில் காசநோய்க்கு மருந்து எடுக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். நாலாவது மாதம். மாத்திரை அரசாங்கத்தின் இலவச மாத்திரை, ஒரு நாளும் தவறவிடவில்லை. அந்த மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விற்றமின் போத்தல் இருந்தது. டவுன் பாமசியில் வாங்கியதாம். "இத போட்டா சீக்கிரம் தேறிடும்னாங்க தம்பி" என்றார் அவருடைய மனைவி. அதன் விலை அவருக்கு இரண்டு நாள் பேர். அன்று இரவு அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து கோதுமை மா ரொட்டி, கட்ட சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி.

அந்த அக்காவை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று சொன்னதும் ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்ற நாடு இது. அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. படித்தவர்களும் அப்போது விற்றமின் சி, விற்றமின் டி என்று பாமசியில் வாங்கிக் குவித்தார்கள். பயம் வந்தால் மனிதர் போத்தலைத்தான் தேடுவார்கள்.

ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. சத்துக் குறைந்த உடம்பை மார்பு நோய் சீக்கிரம் பிடிக்கிறது, பிடித்தால் மோசமாக அடிக்கிறது. இது உண்மை. அப்படியானால் குறைகிற சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் சரியாகிவிடுமா? இதைத் தேடிப் படித்தபோது எங்களுக்குக் கிடைத்த முதல் பதிலே எங்கள் பாட்டன் பூட்டன் ஊரிலிருந்து வந்தது.

1990இல் திருச்சி மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் கூட இருந்தவர்களும் ஐந்து வயது வரையான 15,419 பிள்ளைகளை ஒரு வருடம் வாராவாரம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒவ்வொரு வாரமும் விற்றமின் ஏ சிறிய அளவில் கொடுக்கப்பட்டது. அது கிடைத்த பிள்ளைகளின் சாவு மற்றவர்களைவிட பாதிக்கும் மேல் குறைந்தது, 54 வீதம். அதிக பலன் கிடைத்தது யாருக்குத் தெரியுமா? வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போன பிள்ளைகளுக்கு.

சரி, அப்போ விற்றமின் வென்றது என்று கை தட்டலாமா? பொறுங்கள். அதே பிள்ளைகளிடம் சளி, இருமல், மார்புச் சளி வருவது குறைந்ததா என்றும் அவர்கள் பார்த்தார்கள். குறையவில்லை. நோய் அதே மாதிரி வந்தது, சாவுதான் குறைந்தது. விற்றமின் ஏ நோயை வாசலில் நிறுத்தும் காவல்காரன் இல்லை. அது இல்லாத உடம்பில் மூச்சுக்குழாயின் உள்தோல் கெடும், எதிர்ப்புச் சக்தி தளரும், வந்த நோயோடு போராட முடியாது. அவ்வளவுதான். நம் நாட்டிலும் குடும்பநல மாது சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விற்றமின் ஏ கொடுக்கிறார். தாய்மாரே, அதைத் தவற விடாதீங்க. தட்டம்மை கண்ட பிள்ளைக்கு விற்றமின் ஏ கொடுக்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது.

அடுத்தது மங்கோலியா. தலைநகர் உலான்பாட்டரில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் வாராவாரம் விற்றமின் டி அல்லது வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் விற்றமின் டி குறைபாடு இருந்தது. 2020இல் முடிவு வந்தது. இரத்தத்தில் விற்றமின் டி கூடியது. காசநோய்த் தொற்று குறையவில்லை. குறைபாடு இருப்பது உண்மை, அதை மாத்திரை நிரப்பியதும் உண்மை. ஆனாலும் நோய் அசையவில்லை.

ஏன்? எங்களுக்குப் புரிந்தது இதுதான். ஒரு விற்றமின் மட்டும் தனியாகக் குறைகிற வீடு அபூர்வம். விற்றமின் குறைகிற வீட்டில் பருப்பும் குறையும், முட்டையும் மீனும் குறையும், எண்ணெயும் குறையும், ஒரு நேரச் சாப்பாடே குறையும். இரத்தப் பரிசோதனையில் தெரியும் குறைபாடு, காலியாக இருக்கும் கோப்பையின் அடையாளம். அடையாளத்தை மட்டும் திருத்தினால் கோப்பை நிறையாது.

கோப்பையையே நிறைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் ஜார்கண்ட் மாநிலத்தின் நாலு மாவட்டங்களில், 2019க்கும் 2022க்கும் இடையில், டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் 2,800 காசநோயாளிகளோடு ஓர் ஆய்வு நடத்தினார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் மா, எண்ணெய், விற்றமின் மாத்திரை. பாதி வீடுகளில் நோயாளியோடு ஒரே கூரையில் இருப்பவர்களுக்கும் அரிசி, பருப்பு, விற்றமின். 2023இல் முடிவு வெளியானது. குடும்பத்துக்கும் சாப்பாடு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 வீதம் குறைந்தது. மற்றவருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 வீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்துக்குள் உடல் எடை 5 வீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 வீதம் குறைவாக இருந்தது.

அங்கேயும் விற்றமின் மாத்திரை இருந்தது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் விற்றமினுக்கு எதிரி இல்லை. சோற்றுக்குப் பதிலாக விற்றமின் வருவதற்குத்தான் எதிரி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதுவும் நம்ம பக்கத்து ஊர்தான். 1950களின் கடைசியில் சென்னையில் 193 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்தார்கள். மற்றவர்களை ஏழை வீடுகளிலேயே விட்டு மருந்து மட்டும் கொடுத்தார்கள். இரு பகுதியினரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். அந்த ஆய்வால்தான் இன்று உலகமெங்கும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து எடுக்கிறார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. மருந்துதான் கிருமியைக் கொல்லும், சாப்பாடு கொல்லாது. ஆகவே யாரும் மருந்தை நிறுத்திவிட்டு முட்டை சாப்பிட்டால் போதும் என்று நினைக்காதீங்க. ஆனால் அந்த வெற்றியிலிருந்து உலகம் ஒரு தப்பான பாடமும் எடுத்துக்கொண்டது: சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்று. மருந்து குணமாக்கும் என்பது சரி. குணமாகும் வரை யார் தாக்குப்பிடிப்பார், அடுத்து அந்த வீட்டில் யார் படுப்பார் என்பதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இப்போ நம்ம லயத்துக்கு வருவோம். 2016 குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் 32 வீதம். திருச்சியில் விற்றமின் ஏ அதிகம் காப்பாற்றிய குன்றிய பிள்ளைகள்தான் நம்ம பிள்ளைக்காம்பராவிலும் இருக்கிறார்கள். 1973 முதல் கொடுக்கப்படும் திரிபோஷாவும் 2022 நெருக்கடியில் தட்டுப்பாடானது. ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாவாக வர 2021 வரை போராட வேண்டியிருந்தது. சம்பளப் பேச்சுவார்த்தையை யாரும் சுகாதாரப் பேச்சுவார்த்தை என்று சொல்வதில்லை. அதுவும் சுகாதாரம்தான்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தில் ஒரு வீட்டில் காசநோய் என்று தெரிந்தால், மருந்து நடக்கும் ஆறு மாதமும் அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் அரிசி, பருப்பு, நெத்தலி, முட்டை உலர் உணவாக வர வேண்டும். அரசாங்கமும் தோட்ட நிர்வாகமும் பங்கு போட்டுக் கொடுக்கட்டும். நோயாளியை மாதாமாதம் நிறுத்து எடையை அட்டையில் எழுத வேண்டும், எடை ஏறாவிட்டால் ஏன் என்று ஒருவர் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம், மிகவும் மெலிந்து நலிந்த நோயாளிகளை ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. எடையும் உயரமும் பார்க்க ஒரு தராசும் ஓர் அளவுநாடாவும் போதும். இது நம்ம தோட்ட டிஸ்பென்சரியால் முடியாத காரியமா?

"சாமான் குடுத்தா வித்து குடிச்சிருவாங்க" என்று சிலர் சொல்வார்கள், எங்களுக்கும் கேட்டுப் பழக்கம்தான். ஜார்கண்டின் அந்த ஏழை வீடுகளில் சாப்பாடு வயிற்றுக்குப் போகாமல் இருந்திருந்தால் 39 வீதம் குறைந்திருக்குமா?

அதுவரைக்கும் நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. லயத்துப் பின்பக்கம் வல்லாரை, பொன்னாங்கண்ணி வைக்கலாம். கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் அதிலுள்ள சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் சாப்பாட்டின் இரும்புச்சத்து வீணாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள், பரிசோதனைக்குக் காசில்லை. ஆனால் கீரைப் பாத்தியைக் காட்டி யாரும் தங்கள் பொறுப்பிலிருந்து கழன்றுவிடக் கூடாது.

அந்த அண்ணனுக்கு இப்போது மருந்து முடிந்துவிட்டது. குணமாகி மறுபடி வேலைக்குப் போகிறார். எங்களுக்குக் கவலை அந்த மூன்று பிள்ளைகள். அவர்களும் அதே காம்பராவில்தான் படுத்தார்கள், அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். பரிசோதனையில் இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் கிருமி வருடக்கணக்கில் உடம்புக்குள் சத்தமில்லாமல் கிடக்கும், உடம்பு தளரும்போது எழும். அந்தப் பிள்ளைகளின் உடம்பு தளராமல் பார்த்துக்கொள்ள என்ன வேண்டும் என்று இப்போது நமக்குத் தெரியும். அது பாமசி அலுமாரியில் இல்லை.