மய்யித்துக்கும் ஒரு பெயர் உண்டு

இறந்தவர்க்கு இருப்பவர் ஆற்ற வேண்டிய கடமைகள் குளிப்பாட்டல், கபனிடல், தொழுதல், அடக்கல் என்பன. இவை யாவற்றுக்கும் முந்தியது ஒன்றுண்டு: இவர் இன்னார் என அறிதல். உருச்சிதைந்த உடலையும் அறிய இன்று விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. ஆட்சியாளரோ அவ்வழியைச் சிலருக்குத் திறந்துவிட்டுப் பலருக்கு அடைத்து வைத்திருக்கின்றனர் என நாம் குற்றஞ்சாட்டுகிறோம்.

2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் விமானம் வீழ்ந்து 260 பேர் மாண்டனர். கருகிய உடல்களின் டி.என்.ஏ.வை உறவினரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலோரை அடையாளங்கண்டனர். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில் மாண்டு அடையாளம் தெரியாதோர், புத்துமலையில் எண்ணிட்ட குழிகளில் பல சமயத்தாரின் பிரார்த்தனையோடு அடக்கப்பட்டனர். சோதனை முடிவுகள் வரவர, எண்ணிருந்த இடத்தில் பெயர் வந்தது. இவை பாராட்டத்தக்க பணிகள். மனம் இருந்தால் முடியும் என்பதற்குச் சான்றுகளும் இவையே.

இனி, நம் ஜவ்வாது மலையை நோக்குவோம். சாமை விளைத்து வாழும் மலையாளிப் பழங்குடியினருள் பலர், வறுமையின் கொடுமையால் செம்மரம் வெட்டும் கூலிகளாக ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களுள் இம்மலையினரும் இருந்தனர். மோதல் என்றது காவல்துறை. படுகொலை என்றனர் மனித உரிமையாளர். ஆறு உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடத்த நீதிமன்றமே ஆணையிட வேண்டியதாயிற்று. இருபதின்மர் ஒருங்கே மாண்டதால் நாடு திரும்பிப் பார்த்தது. தனியனாய்க் காட்டில் மடிந்து, பல மாதங்கள் கழித்து எலும்பாகக் கிடைப்பவனின் கதி யாது?

விமானத்தில் ஏறியவர்க்குப் பட்டியல் உண்டு. தரகனின் லாரியில் ஏறியவனுக்கு எந்த ஏட்டில் பெயருண்டு? எலும்பிலும் பல்லிலும் மரபணு நெடுங்காலம் தங்கும். எனினும், பெற்றோர், பிள்ளைகள் போன்ற உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் அது பேசும். பிணவறை ஒரு மாநிலத்தில். மகனைத் தேடும் தாய் ஜமுனாமரத்தூரில். இவ்விரண்டையும் இணைப்பது யார் பொறுப்பு?

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானோரின் உயிரியல் மாதிரிகளைப் பெறவும், பதிவுகளை 75 ஆண்டுகள் பேணவும் வகை செய்தது. காணாமற்போனோர்க்கும் அடையாளமற்ற உடல்களுக்கும் இடமளித்த டி.என்.ஏ. மசோதாவோ, 2019இல் மக்களவைக்கு வந்து 2023இல் திரும்பப் பெறப்பட்டது. உயிரோடிருப்பவனைச் சந்தேகிக்கச் சட்டம் விரைகிறது. இறந்தவனுக்குப் பெயர் தரத் தயங்குகிறது. இஃது எவ்வகை நீதி?

மரபணுக் களஞ்சியம் அரசின் கையில் ஆயுதமாகுமே எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அதற்கு மருந்து வேலியேயன்றி மறுப்பன்று. தேடும் குடும்பம் தானே முன்வந்து தரும் மாதிரி, இறந்தவரை அறிய மட்டுமே பயன்படல் வேண்டும். பணி முடிந்ததும் அழிக்கப்படல் வேண்டும்.

மலைவாசிகளின் துயர் நமக்கென்ன என்று நம் குடும்பத்தார் ஒதுங்கலாகாது. கடல் கடந்து பொருளீட்டச் சென்று, செய்தியற்றுப் போனவரின் இல்லங்களை நாமும் அறிவோம். இத்தா இருப்பதா, காத்திருப்பதா என அறியாத மனைவியையும், பாகம் பிரிக்கப்படாத சொத்தையும் அறிவோம். கணவன் நான்காண்டு தகவலின்றிப் போனால் மணவிலக்குக் கோரலாம் என்கிறது 1939ஆம் ஆண்டுச் சட்டம். இறந்ததாகக் கொள்ள ஏழாண்டு வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். ஒரு பல்லின் சோதனை தீர்க்கக்கூடிய ஐயத்துக்கு, ஒரு பெண்ணின் இளமையை விலையாகக் கேட்பதா?

எனவே நாம் வலியுறுத்துகிறோம்: அடையாளமற்ற எவ்வுடலும் மாதிரி எடுக்கப்படாமல் புதைக்கவோ எரிக்கவோ படலாகாது. மாவட்ட மருத்துவமனைதோறும் தேடுவோரின் மாதிரியைக் கட்டணமின்றிப் பெறல் வேண்டும். மாநில எல்லை கடந்து இரண்டும் ஒப்பிடப்படல் வேண்டும். விமானப் பயணிக்குக் கிடைத்த பெயர், விறகுச் சுமையோடு வளர்ந்தவனுக்கும் உரியதே.