வெறும் கட்டம்

பழைய சஞ்சிகைகள், துண்டுப்பிரசுரங்களை ஸ்கான் செய்து மீதரவு பதிகிறோம். மீதரவு எண்டால் ஆர் எழுதினது, எப்ப, எங்க அச்சிட்டது என்ற விபரம். மென்பொருளில் ஆண்டு கட்டாயம், நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அவசரத்தில் 1900 எண்டு போட்டுத் தள்ளினோம். பிறகு ஆண்டு வரிசையில் பார்த்தால், எண்பதுகளின் பிரசுரங்கள் எல்லாம் 1900இல் குந்தியிருக்கு. சிரித்தோம்தான். ஆனால் அது நாங்களே எழுதிவைத்த பொய்.

ஆண்டுக்கு வழி இருக்கு. 2019இல் வந்த ஐஎஸ்ஓ 8601-2 நியமப்படி, 198க்குப் பின்னால் ஓர் எக்ஸ் போட்டால் 'எண்பதுகளில் ஏதோ ஓர் ஆண்டு'.

சிக்கல் எழுதியவர் பெயரில்தான். அட்டை கிழிந்திருக்கலாம். பதிந்தவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். எழுதினவரே உயிருக்குப் பயந்து பெயர் போடாமல் விட்டிருக்கலாம். இல்லாட்டி, பெயர் எங்களுக்குத் தெரியும், வீட்டார் போடவேண்டாம் எண்டு கேட்டிருப்பினம். திரையில் எல்லாம் ஒரே வெள்ளைக் கட்டம். டேட்டாசைட் முறையில் தெரியாததுக்கு ஒரு குறியீடு, வேண்டுமென்றே மறைத்ததுக்கு வேறொன்று. விக்கித்தரவும் 'மதிப்புத் தெரியாது', 'மதிப்பே இல்லை' என்று பிரிக்கிறது. எங்கட படிவங்களிலும் வெறுமைக்கான காரணத்தை, குறியீடாக இல்லாமல், வாசிக்கிற ஆளுக்கு விளங்கும் தமிழில் எழுதவேணும்.

ஒரு இடத்தில் மட்டும் தயங்குகிறோம். 'மறைக்கப்பட்டது' எண்டு எழுதினால், பெயர் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் எண்டும் காட்டிக்கொடுக்கிறோம். அப்படியான பிரசுரங்களில் 'எழுதியவர் பெயர் அச்சில் இல்லை' எண்டு மட்டும் போடுகிறோம். அது உண்மைதான். அதுக்கு மேல் என்ன எழுதலாம் எண்டதை அந்த வீட்டாரிட்டைக் கேட்டுத்தான் முடிவெடுப்போம்.